முட்டித் தேய்மானமும் வலி மாத்திரையும்: எது, எவ்வளவு, எத்தனை நாள்?

தெற்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

இந்தக் கேள்வி வாராவாரம் வருது, பதில்கள் பத்து இழையில் சிதறிக் கிடக்குது. பொதுவாப் பேசினா ஒண்ணும் விளங்காது. அதனால கற்பனையா ஒரு ஆளை வச்சுப் பேசுவோம்.

67 வயசு அம்மா. எடை 74 கிலோ. ரெண்டு முட்டியும் தேய்மானம், எக்ஸ்ரேயில் மூணாம் நிலை. மாடிப்படி இறங்கினா வலி, தரையில் உட்கார்ந்து எழுந்தா வலி. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. சுகருக்கு மெட்பார்மின். கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தச் சோதனை) 1.1. மருந்துக்கடையில் சொல்லி வாங்கினது: அசிக்ளோபெனாக் 100, பாராசிட்டமால் 325, செர்ரேஷியோபெப்டிடேஸ் 15 மூணும் ஒரே மாத்திரையில். காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு மாசமா ஓடுது. வலி குறைஞ்சிருக்கு.

தொடரலாமா? இல்லைன்னா மாத்து என்ன? சொந்தக் கதை வேண்டாம், மருந்து, அளவு, காரணம் மட்டும் எழுதுங்க.

மருந்தாளுநர்_குடந்தை

முதல்ல அந்த ஒரே மாத்திரையைப் பிரிச்சுப் பார்ப்போம்.

வேலை செய்யறது அசிக்ளோபெனாக். டைக்ளோபெனாக், இபுப்ரோபென் குடும்பம்; இந்த இழையில 'வலி மாத்திரை'ன்னா இந்தக் குடும்பம்தான், பாராசிட்டமால் இல்ல. நாளைக்கு 100 மி.கி. ரெண்டு வேளைங்கறது முழு அளவு. பாராசிட்டமால் 325 கூட இருக்கறது பலருக்குத் தெரியாது. ஜுரம் வந்தா மேல 650 ஒண்ணு போட்டுக்குவாங்க, அப்புறம் சளி மாத்திரையிலயும் அதே பாராசிட்டமால் இருக்கும். மூணையும் கூட்டிப் பார்த்தா எங்கேயோ போய் நிக்கும்.

செர்ரேஷியோபெப்டிடேஸ் 'வீக்கம் வத்தும்'னு சேர்க்கறாங்க. ஜப்பான்ல இதை முதன்முதலா வித்த கம்பெனியே, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோட ஒப்பிட்ட ஆய்வுல வித்தியாசம் தெரியலன்னு 2011-ல தன் சரக்கைச் சந்தையிலிருந்து எடுத்துடுச்சு. இங்க இன்னும் ஓடுது. மூட்டுத் தேய்மானத்துல அதுக்கு வேலை இல்ல, விலையைக் கூட்டுது, அவ்வளவுதான்.

எலும்புமூட்டு_ராமநாதபுரம்

வலி குறைந்திருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. இந்த மருந்துகள் குருத்தெலும்பு தேய்வதை நிறுத்துவதில்லை. வலியையும், மூட்டுறையில் அவ்வப்போது வரும் அழற்சியையும் குறைக்கின்றன, அவ்வளவே. ஆகவே 'கோர்ஸை முடிக்கணும்' என்ற கணக்கு இங்கே கிடையாது. ஆன்டிபயாட்டிக் அல்ல இது. வலி அடங்கிய அன்றைக்கே நிறுத்தலாம், திரும்ப வந்தால் திரும்பத் தொடங்கலாம்.

முட்டிக்கு முதலில் மாத்திரை அல்ல, ஜெல். டைக்ளோபெனாக் ஜெல்லை முழங்கால் தேய்மானத்தின் முதல் மருந்தாக அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டியும், பிரிட்டனின் நைஸ் என்ற அரசு மருத்துவ அமைப்பின் 2022 வழிகாட்டியும் சொல்கின்றன. ரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். முட்டி தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூட்டு என்பதால் இது பலிக்கிறது. இடுப்பு மூட்டுக்குப் பலிக்காது, அது அத்தனை ஆழத்தில் இருக்கிறது.

கரிசல்காட்டான்

ஜெல்லா? தடவின அஞ்சு நிமிஷம் ஜில்லுனு இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். காசுக்குக் கேடு. ஜெல் போட்டு முட்டி வலி போன ஆளை யாராவது காட்டுங்க பார்ப்போம்.

மருந்தாளுநர்_குடந்தை

@கரிசல்காட்டான் அந்த 'ஜில்' மென்தால். டைக்ளோபெனாக்கோட வேலை அது இல்ல.

ஜெல் பலிக்காததுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அளவு. விரல் நுனியில பட்டாணி அளவு எடுத்து முட்டி முழுக்கப் பூசினா என்ன நடக்கும்? முட்டி ஒண்ணுக்கு ஒரு தடவைக்கு 2 முதல் 4 கிராம் வேணும், நாளைக்கு 3, 4 தடவை. ஆள்காட்டி விரலோட கடைசிக் கணுவிலிருந்து நுனி வரைக்கும் ட்யூபைப் பிதுக்கினா கிட்டத்தட்ட அரை கிராம். அப்போ 2 கிராம்னா நாலு விரல்நுனி, 4 கிராம்னா எட்டு. ஒரு தடவை அளந்து போட்டுப் பார்த்தா, இத்தனை நாள் தடவினது கால்வாசிகூட இல்லைன்னு தெரியும்.

இப்ப கணக்கு. இந்த அம்மாவுக்கு முட்டிக்கு 2 கிராம் வீதம் மூணு வேளைன்னா, ரெண்டு முட்டிக்கும் சேர்த்து நாளைக்கு 12 கிராம். 30 கிராம் ட்யூப் ரெண்டரை நாள்ல காலி. ஒரே ட்யூபை மூணு மாசம் வச்சிருக்கறவங்க 'ஜெல் வேலை செய்யல'ன்னு சொன்னா, அது மருந்தோட குத்தம் இல்ல. பலன் தெரிய ஒரு வாரம் ஆகும், அது வரைக்கும் விடாம போடணும்.

வாங்கும்போது பின்பக்கம் படிங்க. டைக்ளோபெனாக் டைஎதிலமைன் 1.16 சதவீதம்னு மட்டும் போட்டிருந்தா தனி ஜெல். அதோட மெத்தில் சாலிசிலேட், மென்தால், ஆளிவிதை எண்ணெய் எல்லாம் சேர்ந்திருந்தா கூட்டு ஜெல், எரிச்சல் ஜாஸ்தி. முக்கியமா, ரத்தம் உறையாம இருக்க வார்பாரினோ அசெனோகூமரோலோ சாப்பிடறவங்க மெத்தில் சாலிசிலேட் இருக்கறதை நிறையத் தடவினா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுங்கற அளவு) ஏறும், ரத்தம் கசியும். தோல்ல தடவறதுதானேன்னு டாக்டர்கிட்ட யாரும் சொல்றதே இல்ல.

பிசியோ_நெல்லை

ஜெல் விஷயத்தில் வீட்டில் நடக்கும் தப்புகள்:

ஜெல் போட்டு அதன் மேலேயே வெந்நீர்ப் பை. கூடாது. சூடு பட்டால் தோல் வழியாக மருந்து கூடுதலாக இறங்கும், தோலும் வெந்து போகும். ஒத்தடம் முதலில், தோல் ஆறியதும் ஜெல். போட்டதும் உடனே முட்டி உறையை ('நீ கேப்') இழுத்து மாட்டுவதும் வேண்டாம். பத்து நிமிஷம் காய விடுங்கள், கட்டுத்துணி சுற்றாதீர்கள். ஜெல் போட்ட முட்டியை ஒரு மணி நேரத்துக்குக் கழுவக் கூடாது. கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அப்புறம் தெரியும்.

சூடு பறக்க அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. முட்டிச் சில்லின் முன்பக்கம், ரெண்டு பக்கவாட்டு, பின்மடிப்பு எல்லாம் படுகிற மாதிரி மெதுவாகப் பரப்பினால் போதும்.

தெற்குவாசல்

ஜெல்லோட அந்த மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?

மருந்தாளுநர்_குடந்தை

கூடாது. ரெண்டும் ஒரே குடும்பம். வலி கூடிச்சுன்னா ஜெல்லை நிறுத்திட்டு மாத்திரை, மாத்திரையை நிறுத்தினதும் ஜெல்.

சிறுநீரகப்பிரிவு_செவிலியர்

இங்கே எல்லோரும் முட்டியைப் பார்க்கிறீர்கள். அந்த 1.1-ஐ யாரும் பார்க்கவில்லை.

லேப் தாளில் 1.1 தடித்த எழுத்தில் வராது. ஆனால் 67 வயதுப் பெண்ணுக்கு கிரியேட்டினின் 1.1 என்றால் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 55 பக்கம் வரும். அறுபதுக்குக் கீழே. இந்த நிலையில் வலி மாத்திரையை மாதக் கணக்கில் ஓட்டக் கூடாது, முப்பதுக்குக் கீழே போனால் தொடவே கூடாது.

அடுத்தது பிரஷர் மாத்திரை. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பே சுரக்கும் பொருள். வலி மாத்திரை அதை அடைக்கிறது, நுழைவாயில் சுருங்குகிறது. டெல்மிசார்டன் வெளிவாயிலைத் தளர்த்துகிறது, உள்ளே அழுத்தம் இறங்குகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரைக் குறைக்கிறது. மூன்றும் ஒரே நாளில், கூடவே வெயில் காலத்து வயிற்றுப்போக்கு என்றால், இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் இரட்டிப்பாகி வந்து படுப்பவர்கள் உண்டு. சிறுநீரகம் படுத்தால் மெட்பார்மினும் உடம்பில் தேங்கும்.

ஆகவே தவிர்க்க முடியாமல் மாத்திரை தொடங்கினாலும்: தொடங்கும் முன் கிரியேட்டினின், பொட்டாசியம், ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் மறுபடி. வாந்தி, பேதி, ஒழுங்காகச் சாப்பிடாத நாள், நீரில்லா விரதம், இந்த நாட்களில் வலி மாத்திரை கிடையாது. பிரஷர் மாத்திரையையும் தொடரலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். கோடையில் தினம் இளநீர் குடிப்பவர்கள் கவனம், அதில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டன், வலி மாத்திரை இரண்டும் பொட்டாசியத்தை ஏற்றும், அதன் மேல் இதுவும் சேரும்.

கரிசல்காட்டான்

பயமுறுத்துறீங்க. சரி, கிட்னி நல்லா இருக்கற ஆளுக்கு எந்த மாத்திரை நல்லது? கடையில எட்டோரிகாக்சிப் 90 தர்றாங்க, ஒரே வேளை, வயித்தையும் கெடுக்காதுங்கறாங்க.

எலும்புமூட்டு_ராமநாதபுரம்

எட்டோரிகாக்சிப் மூட்டுத் தேய்மானத்துக்கு நாளைக்கு 30 மி.கி., போதாவிட்டால் 60. 90 என்பது முடக்கு வாதத்துக்கு. 120, யூரிக் அமிலம் சேர்ந்து வரும் கடுமையான கவுட் வலிக்கு, அதுவும் எட்டு நாளுக்கு மேல் இல்லை. முட்டி வலிக்கு 90-ஐ நீட்டுவது, அலமாரியில் இருப்பதை விற்பது. பிரஷர் 140/90-க்கு மேல் நிற்கிறவருக்கு இந்த மருந்தே கூடாது, இதுவே பிரஷரை ஏற்றிவிடும்.

எந்த மாத்திரை என்பதை நோயாளியின் வயிறும் இதயமும் முடிவு செய்கின்றன, வலி அல்ல. முழு அளவில் கொடுத்தால் வலியைக் குறைப்பதில் இவை ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடுவதில்லை. வேறுபடுவது எதைக் கெடுக்கின்றன என்பதில்.

மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக் குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு இருந்தவர்களுக்கு டைக்ளோபெனாக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் தடை வைத்தது. அசிக்ளோபெனாக்குக்கும் அங்கே அதே தடை, ஆனால் இங்கே அது 'லேசான மாத்திரை' என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறது. நப்ராக்சன் 250 முதல் 500, இரு வேளை: ரத்தக் குழாய் ஆபத்து இந்தக் கூட்டத்தில் இதற்குக் குறைவு, வயிற்றைக் கெடுப்பது அதிகம், கூடவே வயிற்றுக்குப் பாதுகாப்பாகக் கேஸ் மாத்திரை வேண்டும். செலிகாக்சிப் 200 நாளைக்கு ஒன்று: வயிற்றுக்குப் பரவாயில்லை. 2016-ல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில் இதயத்தைப் பொறுத்தவரை இது நப்ராக்சனுக்கும் இபுப்ரோபெனுக்கும் மோசமில்லை என்று தெரிந்தது, அந்த அளவில். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும். 2004-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட ரோபெகாக்சிப்பும் இதே காக்சிப் வகை மருந்துதான், அதனால் காக்சிப் என்றதும் பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

நிமசுலைடு வேண்டாம். கல்லீரல் பாதிப்பால் ஐரோப்பா 2011-லேயே மூட்டுத் தேய்மானத்தை அதன் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டது.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வலி மாத்திரை இந்தக் குடும்பத்தில் இல்லை. செலிகாக்சிப் உட்பட.

தஞ்சைத்தட்டு

சாப்பிட்ட பிறகு போட்டா வயிறு ஒண்ணும் ஆகாதுதானே? இல்லைன்னா ஊசியாப் போட்டுக்கலாமே, வயித்துக்கே போகாது.

மருந்தாளுநர்_குடந்தை

ரெண்டுமே பரவலான தப்பு நம்பிக்கை. மாத்திரை வயித்துல பட்டு மட்டும் புண்ணாக்கறது இல்ல. ரத்தத்துல கலந்து, குடல் சுவரைக் காக்கற புரோஸ்டாகிளாண்டினைக் குறைச்சுத்தான் புண்ணாக்குது. டைக்ளோபெனாக் ஊசி 75 போட்டாலும், ஆசனவாய் வழியா வச்சாலும் கடைசியில ரத்தத்துக்குத்தான் வருது. சாப்பாட்டோட போட்டா எரிச்சல் கம்மி, புண் வராதுன்னு அர்த்தம் இல்ல. வலியே இல்லாம புண் வந்து நேரே ரத்தம் கசியறதும் உண்டு.

65 வயசு தாண்டினவங்க, முன்னாடி அல்சர் வந்தவங்க, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பாரின், ஸ்டீராய்டு, மன அழுத்தத்துக்கான எஸ்சிட்டலோபிராம் மாதிரி மாத்திரை, இதுல எது இருந்தாலும் கேஸ் மாத்திரை கட்டாயம். பேன்டோபிரசோல் 40 இல்லைன்னா ஒமிபிரசோல் 20, காலையில சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பலர் வலி மாத்திரையோட சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பின்னாடி முழுங்கறாங்க, பலன் குறைஞ்சிடும். இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும்தான் இது காவல், அதுக்குக் கீழ குடலுக்கு இல்ல. கிட்னிக்கும் இல்ல, இதயத்துக்கும் இல்ல. 'கேஸ் மாத்திரை கூடப் போடறேன், எத்தனை நாள் வேணா ஓட்டலாம்'ங்கறது அதனாலதான் தப்பு.

மலம் தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாப் போகும், ஆனா தார் மாதிரி பிசுபிசுப்பும் அந்த நாத்தமும் இருக்காது.

தஞ்சைத்தட்டு

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 போடறவங்க இபுப்ரோபென் போடலாமா?

மருந்தாளுநர்_குடந்தை

ஆஸ்பிரின் உட்காரவேண்டிய இடத்துல இபுப்ரோபென் முன்னாடியே உட்கார்ந்துடும், அதனால ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஆஸ்பிரின் பார்க்கற வேலை கெட்டுடும். எப்பவாவது ஒரு வேளைன்னா, சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி கழிச்சு இபுப்ரோபென், இல்லைன்னா இபுப்ரோபென் போட்டு எட்டு மணி கழிச்சு ஆஸ்பிரின்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்டிஏ 2006-ல சொன்னது. ஆனா நம்ம ஊர்ல பெரும்பாலும் விக்கறது குடல்ல கரையற பூச்சு போட்ட ஆஸ்பிரின். அந்த அரை மணிக் கணக்கு அதுக்குப் பொருந்தாது. அதனால நெஞ்சு ஆஸ்பிரின்காரங்க தினமும் இபுப்ரோபென் வேண்டாம். ஜெல் போதும்.

சிறுநீரகப்பிரிவு_செவிலியர்

இதைவிட மோசமான ஒன்று விட்டுப் போச்சு: 'செட்டு'. முட்டி வலிக்கு நாலு செட்டு கொடுங்க என்று கேட்டால், அட்டையை வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருவது. பெயர் தெரியாது, தேதி தெரியாது. ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு விட்டமின், கூடவே சின்னதாக ஒன்று. அந்தச் சின்னது அநேகமாக டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். அன்றைக்கே ஓடியாடி வேலை செய்ய வைப்பது அதுதான். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடல் புண் ஆபத்து பல மடங்கு. சுகர் ஏறும், முகம் ஊதும், எலும்பு மெலியும். பேர் சொல்லாத பொடி, லேகியம் சிலவற்றிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் பிடித்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் செட்டு சாப்பிட்டவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறிய வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்குவார்கள். உறையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள்.

கழுகுப்பாறை

குறுக்கே ஒரு தகவல். டைக்ளோபெனாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று, சிறுநீரகம் செத்துத்தான் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. கால்நடைக்கு 2006-ல் தடை. மனிதருக்கான 30 மி.லி. பாட்டில் மாட்டுக்குப் போவதால் 2015-ல் அதையும் 3 மி.லி.யாகச் சுருக்கினார்கள். அசிக்ளோபெனாக்கும் மாட்டின் உடம்பில் டைக்ளோபெனாக்காக மாறுகிறது, 2023-ல் அதுவும் கால்நடைத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரி மாயாறு பக்கம் மிச்சம் இருக்கிற கழுகுகளுக்காகவாவது தெரிந்துகொள்ளுங்கள்.

தெற்குவாசல்

தகவலுக்கு நன்றி, இழைக்குத் திரும்புவோம். அப்போ அந்த அம்மாவுக்கு?

எலும்புமூட்டு_ராமநாதபுரம்

தினசரி மாத்திரையை நிறுத்துவது. டைக்ளோபெனாக் ஜெல் மேலே சொன்ன அளவில், பலன் தெரிந்தால் குறைந்த வேளைக்கு இறக்குவது. வலி மிஞ்சுகிற நாளில் பாராசிட்டமால் 650, நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். தேய்மான வலிக்கு அது பலவீனமான மருந்துதான், அதைத் தெரிந்தே கொடுப்பது. முட்டி வீங்கிச் சூடாகி நடக்கவே முடியாத கட்டம் வந்தால், ஊசியால் நீரை எடுத்து ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. மூட்டுக்குள் போடலாம். சில வாரம் தாங்கும், சில நாள் சுகர் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வாடிக்கையாகப் போடுவது வேண்டாம்: 2017-ல் வெளிவந்த இரண்டு வருட ஆய்வில் வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்தது. மூட்டு மாற்று அறுவை யோசனை இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதம் ஊசியே கூடாது, சீழ் பிடிக்கும் ஆபத்து.

மூட்டுக்குச் சத்து என்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் வாங்கும் காசை ஜெல்லுக்குப் போடலாம். டயசெரின் (இதுவும் தேய்மானத்துக்குத் தரும் மருந்து) சேர்ந்த மாத்திரை தந்தால் கவனம், பேதி அதன் வழக்கமான பக்கவிளைவு, 65 தாண்டியவர்களுக்கு வேண்டாம் என்பது 2014 முதல் ஐரோப்பிய அறிவுரை. டெல்மிசார்டனோடு பேதி என்றால் மேலே செவிலியர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

பிசியோ_நெல்லை

வலி குறைந்த நேரத்தை உட்கார்ந்தே கழித்தால் ஜெல் போட்டதே வீண். தொடைத்தசைதான் முட்டியின் பாரத்தைத் தாங்குவது, வலிக்குப் பயந்து நடக்காமல் இருப்பதால் முதலில் மெலிவதும் அதுதான்.

கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, துண்டைக் கீழே அமுக்குங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து தடவை. பிறகு காலை மடக்காமல் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி ஐந்து எண்ணுங்கள், பத்து தடவை. கைப்பிடி இல்லாத உயரமான நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது எட்டிலிருந்து பத்து. காலை மாலை, வாரம் ஐந்து நாள், குறைந்தது ஆறு வாரம். செய்யும்போது வலி கொஞ்சம் இருக்கலாம். மறுநாள் காலையிலும் அதிகமாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

தரையில் சம்மணமும் குத்துக்காலும் இந்த அம்மாவுக்கு வேண்டாம். இந்தியன் கழிவறையாக இருந்தால் மேலே வைக்கும் ஸ்டூல். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையும். ஐந்து கிலோ குறைத்தவருக்கு எந்த மாத்திரையும் தராத நிம்மதி கிடைக்கும்.

கரிசல்காட்டான்

ஜெல் விஷயத்துல ஒத்துக்கறேன், எட்டு விரல்நுனி இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. கிட்னி, வயிறு, இதயம் எல்லாம் சுத்தமா இருக்கறவன் மாத்திரையை எத்தனை நாள் போட்டுப் பார்க்கலாம்?

எலும்புமூட்டு_ராமநாதபுரம்

முழு அளவில், விடாமல், இரண்டு வாரம். அதற்குள் படி ஏறுவதில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்று. இரண்டாவதும் பலிக்கவில்லை என்றால் வலி முட்டியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும், இடுப்பிலிருந்தும் முதுகிலிருந்தும் முட்டிக்கு வலி இறங்கும். பலித்தால் அளவைக் குறைத்து, வலிக்கிற நாளுக்கு மட்டும். தொடர்ந்து வேண்டியிருந்தால் பிரஷர் மாதம் ஒரு தடவை, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. கால் வீக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவு, எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்தம். ஆஸ்துமாகாரர் ஆஸ்பிரினுக்கு மூச்சு முட்டியவர் என்றால் தொடங்கவே கூடாது.

மருந்தாளுநர்_குடந்தை

மழைக்காலம் வருது, இதையும் சேர்த்துக்குங்க. ஜுரம் வந்த நாள்லயே முட்டி மாத்திரையை நிறுத்திடணும். டெங்குவான்னு தெரியற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும். டெங்குல தட்டணு இறங்கற நேரத்துல டைக்ளோபெனாக், இபுப்ரோபென், ஆஸ்பிரின் எது உள்ள போனாலும் ரத்தக் கசிவு ஆபத்து. நெஞ்சுக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க தானா நிறுத்தாம அன்னிக்கே டாக்டரைக் கேளுங்க. 'உடம்பு வலிக்கும் சேர்த்துக் கேக்கும்'னு முட்டி மாத்திரையையே ஜுரத்துக்கும் போடறவங்க நம்ம ஊர்ல நிறைய.

தெற்குவாசல்

இழையை மேலே ஒட்டி வைக்கிறேன். ஜெல் அளவும், மூணு மருந்து சேர்ந்தா கிட்னிக்கு என்ன ஆகுங்கறதும் தேடறவங்களுக்கு முதல்ல தெரியணும். புதுக் கேள்வி கேக்கறவங்க வயசு, எடை, கிரியேட்டினின், இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையோட பேரும் அளவும் எழுதிட்டுக் கேளுங்க. 'பிரஷர் மாத்திரை, மஞ்சள் கலர்'னு எழுதினா யாராலயும் பதில் சொல்ல முடியாது.